வடிகட்டியைத் தாண்டிய உயிர்: ஒரு கண்ணாடிச் சாமான் வியாபாரியின் வரலாற்றுக் குறிப்புகள்

நான் மலருக்கு எழுதுகிறேன் என்றால் கல்வெட்டு, ஏட்டுச்சுவடி, வந்தவாசிப் பக்கத்துப் பழைய பள்ளிகள் என்றுதான் இருக்கும் என்று அன்பர்கள் நினைப்பார்கள். இந்த முறை என் கடை அலமாரியிலிருந்தே ஒரு வரலாற்றை எடுத்து வைக்கிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு மருந்துக் கம்பெனியிலோ ஆராய்ச்சிக் கூடத்திலோ வேலை பார்க்கும் பிள்ளையோ மருமகளோ உண்டு. அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. ஆனால் வீட்டில் அவர்கள் சொல்லமாட்டார்கள், நாமும் கேட்கமாட்டோம்.

பி.யூ.சி.யோடு படிப்பு நின்றவன் நான். 1981ல் ஹைதராபாத் வந்தேன். பாலாநகரில் அன்று எந்தத் தெருவில் நின்றாலும் லேத் சத்தம் கேட்கும். ஒரு பக்கம் எச்.ஏ.எல்., இன்னொரு பக்கம் ஐ.டி.பி.எல். சோவியத் உதவியோடு நம் அரசு எழுப்பிய மூன்று பெரிய ஆலைகளில் ஒன்று இங்கே. மற்றவை ரிஷிகேசத்திலும் நம் சென்னையிலும். சென்னையில் அறுவைக் கருவிகள், ரிஷிகேசத்தில் ஆன்டிபயாடிக், பாலாநகரில் ரசாயன முறையில் செய்யும் மருந்துகள். இங்கே வேலை கற்றவர்கள் வெளியே வந்து ஆளுக்கொரு கம்பெனி தொடங்கித்தான் ஹைதராபாத் மருந்து நகரமாயிற்று. டாக்டர் அஞ்சி ரெட்டியே ஐ.டி.பி.எல்.லில் இருந்தவர்தான். அந்த ஐ.டி.பி.எல்.லை மூடுவது என்று 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது. அது தனிக் கதை. என் கடை அந்த நிழலில் முளைத்தது. பீக்கர், பிப்பெட், வடிதாள், பிற்பாடு பிளாஸ்டிக் சாமான், சவ்வு வடிகட்டி. இந்தக் கட்டுரை அந்தக் கடைசிச் சாமானில்தான் தொடங்குகிறது.

1996ல் நடந்தது. ஊரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் (பெயர் வேண்டாம்) பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண் என்னிடம் 0.22 மைக்ரான் வடிகட்டி வாங்குவாள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனமே எழுபது மைக்ரான் அளவுக்கு வரும். "இதுல எந்தக் கிருமியும் போகாதில்ல அங்கிள்?" என்று கேட்டாள். "ஒண்ணும் போகாதும்மா, நான் கேரண்டி" என்றேன். கம்பெனிக்காரன் சொன்னதை நான் சொன்னேன், அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து அவளுடைய மேலதிகாரி கடைக்கே வந்துவிட்டார். செல்கள் ஒழுங்காக வளரவில்லை, ஒரே சோதனையை மூன்று தரம் செய்தால் மூன்று விடை வருகிறது, பெண்ணின் ஒரு வருட உழைப்பு வீண், காரணம் உன் வடிகட்டி என்றார். பாக்கிப் பணத்தையும் நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. குப்பியைக் காட்டச் சொன்னேன். இளஞ்சிவப்புக் கரைசல், பளிங்கு மாதிரி. கிருமி புகுந்தால் கலங்க வேண்டும், நாற வேண்டும். ஒன்றுமில்லை. "இதில் என்ன சார் கெட்டுப் போச்சு?" என்று கேட்டேன். அவர் சொன்ன பெயரை அன்றுதான் முதல்முறை கேட்டேன். மைக்கோபிளாஸ்மா.

கோபம் ஆறிய பிறகு படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது நம் ஊர்ப் பேச்சில் சொல்வது போல வடிகட்டின பொய் என்று தெரிந்தது.

இந்த உயிரின் வரலாறு மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. மாடுகளுக்கு நுரையீரலும் அதன் உறையும் அழுகிச் சாகும் கொள்ளைநோய் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் உலுக்கியது. 1898ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் நோக்கார், ரூ என்ற இருவரும் மற்றவர்களும் சேர்ந்து அந்த நோய்க் கிருமியை முதன்முதலில் வளர்த்துக் காட்டினார்கள். சவ்வுப் பையில் ஊட்டக் கரைசலோடு அடைத்து முயலின் வயிற்றுக்குள் வைத்து வளர்த்தார்களாம். சாதாரண பாக்டீரியாவை நிறுத்திவிடும் வடிகட்டியிலும் இது புகுந்து போயிற்று. அதனால் இதை வைரஸ் கணக்கில் சேர்ப்பதா பாக்டீரியா கணக்கில் சேர்ப்பதா என்று அரை நூற்றாண்டு குழம்பினார்கள். 1936ல் லெய்ட்லா, எல்ஃபர்டு என்ற பிரிட்டிஷ்காரர்கள் லண்டன் சாக்கடை நீரில் இதன் உறவுக்கார இனத்தைக் கண்டார்கள். 1937ல் மனித உடலிலிருந்தும் கிடைத்தது. நம் நாட்டு மாட்டுக்கு அந்தப் பழைய நோய் இல்லை என்ற சர்வதேசச் சான்று 2007ல்தான் கிடைத்தது என்பதையும் குறித்து வைக்கலாம். நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் சி.ஆர்.டி. என்று சொல்லிப் பயப்படும் மூச்சு நோயும் இந்தக் குலத்தைச் சேர்ந்த ஒன்றால் வருவதே.

வடிகட்டியில் எப்படிப் போகிறது? பாக்டீரியாவுக்கு வெளியே கெட்டியான சுவர் உண்டு. இதற்குச் சுவரே கிடையாது, மெல்லிய சவ்வு மட்டும். இடியாப்ப அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அரிசியைப் போட்டு அழுத்தினால் நிற்கும், மாவைப் பிசைந்து அழுத்தினால் இறங்கிவிடும். மைக்கோபிளாஸ்மா மாவு. சிறிதாக இருப்பதோடு, அழுத்தம் கொடுத்தால் வளைந்தும் கொடுக்கிறது.

வடிகட்டியின் வரலாறே இதற்குச் சாட்சி. முதலில் 0.45 மைக்ரான் போதும் என்று உலகமே நம்பியது. 1960களில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த பிரான்சஸ் போமன் என்ற அம்மையார், அதில் வடித்துச் சுத்தம் என்று சொல்லப்பட்ட கரைசலில் ஒரு சிறு பாக்டீரியா முளைப்பதைக் கண்டார். அதற்குப் பிறகு 0.22 வந்தது. அந்த 0.22ஐத்தான் நான் கேரண்டி கொடுத்து விற்றேன். பாக்டீரியாவுக்கு அந்த வார்த்தை சரி. மைக்கோபிளாஸ்மாவுக்கு 0.1 வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா குடத்து வாயில் வெள்ளைத் துணியை இரட்டையாகக் கட்டித்தான் தண்ணீர் பிடிப்பார். கண்ணுக்குத் தெரியாத உயிர் தண்ணீரில் உண்டு என்று சொல்லியே வளர்த்த வீட்டில் பிறந்தவன், துணியின் கண் எவ்வளவு என்று கேட்காமல் முப்பத்தைந்து வயது வரை இருந்திருக்கிறேன்.

இனி செல் வளர்ப்புக்கு வருவோம். உடம்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணாடிக் குப்பியில் ஊட்டக் கரைசல் ஊற்றி வளர்ப்பது அது. 1951ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் புற்றிலிருந்து, அவரைக் கேட்காமலேயே எடுத்த ஹீலா செல்கள் சாகாமல் பெருகிக்கொண்டே போனதும், உலகெங்கும் லேபுகள் அவற்றைக் கேட்டு வாங்கின. செல்லோடு சேர்ந்து வேறொன்றும் பயணம் போயிற்று. 1956ல் ராபின்சன், விக்கல்ஹாசன், ரோய்ஸ்மன் என்ற மூவர் ஹீலா செல்லில் இந்தக் கிருமியை வேண்டுமென்றே போட்டு விளைவைப் பார்க்க முனைந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் போடாமல் வைத்த செல்லிலும் அதே கிருமி இருந்தது! தாங்கள் போடுவதற்கு முன்பே குடியிருந்திருக்கிறது. செல் வளர்ப்பில் இந்த மாசு உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான்.

அந்தக் காலத்தில் இதற்கு இரண்டு பேர் துணை செய்தார்கள் என்பேன். ஒன்று பெனிசிலின். செல் வளர்க்கும் கரைசலில் பெனிசிலினைக் கலப்பது வழக்கமாகிவிட்டது. பெனிசிலின் வேலை செய்வது பாக்டீரியா சுவர் கட்டுவதைத் தடுத்து. சுவரே இல்லாதவனை அது என்ன செய்யும்? கலங்கச் செய்து காட்டிக்கொடுக்கும் மற்றக் கிருமிகள் செத்தன, காட்டிக்கொடுக்காதது மட்டும் தங்கிற்று. ஒரு மில்லி கரைசலில் பத்துக் கோடி இருந்தாலும் குப்பி தெளிவாகவே நிற்கும். கவனக்குறைவை மறைக்க ஆன்டிபயாடிக்கைப் போர்வையாகப் போர்த்தினார்கள் என்பதே என் தீர்மானம். கற்றறிந்தவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இரண்டாவது துணை நம் வாய். அன்று பிப்பெட்டை வாயால்தான் உறிஞ்சுவார்கள். நானே வாய்ப்பக்கம் பஞ்சு அடைத்த கண்ணாடி பிப்பெட்டுகளை டஜன் கணக்கில் விற்றிருக்கிறேன். ரப்பர் பல்பு இலவசமாகக் கொடுத்தாலும் "கைக்கு வராதுங்க" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. செல் குப்பிகளில் அதிகம் அகப்படும் இனங்களில் ஒன்றின் பெயரே மைக்கோபிளாஸ்மா ஓராலே, அதாவது வாயினது. தமிழில் சொன்னால் எச்சில். மாடு, பன்றியிலிருந்து வருபவையும் உண்டு. செல்லுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் கன்று ரத்தச் சீரத்தின் வழியாக மாட்டினங்களும், பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கும் டிரிப்சின் வழியாகப் பன்றியினமும் வந்தன என்பர். (என் கடையில் சீரம் மட்டும் விற்பதில்லை. அதற்குக் காரணம் கிருமி இல்லை, அன்பர்களுக்குப் புரியும்.) ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய வழி, ஏற்கெனவே மாசுபட்ட ஒரு குப்பியிலிருந்து பக்கத்துக் குப்பிக்குத் தொற்றுவதுதான்.

இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். அது சும்மா இருப்பதில்லை. செல்லின் உணவைத் தின்கிறது. சில இனங்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் காலி செய்துவிடும். குரோமோசோம் உடைகிறது, மரபணுக்களின் நடத்தை மாறுகிறது, வைரஸ் வளர்ச்சி கூடவும் குறையவும் செய்கிறது. மருந்தால் வந்த மாற்றமா, கிருமியால் வந்த மாற்றமா என்று பிரிக்க முடியாது. 1960களின் நடுவில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ரத்தப் புற்றுநோயாளிகளின் எலும்பு மஜ்ஜையைச் செல் குப்பிகளில் இட்டபோது செல்லைக் கொல்லும் ஏதோ ஒன்று கிடைத்தது. ரத்தப் புற்றுக்கு வைரஸ் அகப்பட்டதோ என்ற நம்பிக்கை பிறந்தது. ஆராய்ந்து பார்த்தால் மைக்கோபிளாஸ்மா. 1980களில் எய்ட்ஸ் நோயாளியிடமிருந்து புது வைரஸ் என்று ஷீ-சிங் லோ அறிவித்ததும் 1989ல் மைக்கோபிளாஸ்மாவாகவே முடிந்தது. ஒருவர் பொய் சொன்னார் என்று இதற்கு அர்த்தமில்லை. குப்பி தெளிவாக இருந்தது, அவ்வளவுதான்.

கண்டுபிடிக்கும் வழிகளில் மூத்தது, தட்டில் வளர்ப்பது. குதிரைச் சீரமும் ஈஸ்ட் சாறும் சேர்த்த ஊட்டத்தில், காற்றைக் குறைத்து, நான்கு வாரம் வரை வைத்துப் பார்க்க வேண்டும். வளர்ந்தால் நடுவில் மஞ்சள் கரு போல் தடித்து, சுற்றிலும் பரவி, ஆஃப்பாயில் மாதிரியே இருக்குமாம். முட்டை தொடாத எனக்கு அது படத்தில் கண்ட காட்சிதான். இந்த ஊட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் லியோனார்டு ஹேஃப்லிக். மனித செல் குப்பியில் ஏறக்குறைய ஐம்பது தரம்தான் பிரியும் என்று சொல்லிப் புகழ்பெற்ற அதே ஹேஃப்லிக்தான், 2024ல் காலமானார். நடமாடியபடியே வரும் ஒருவகை நிமோனியாவுக்குக் காரணம் வைரஸ் அல்ல, மைக்கோபிளாஸ்மா என்று 1962ல் சானாக்கோடும் பரைலோடும் சேர்ந்து தட்டில் வளர்த்துக் காட்டியவரும் அவரே.

ஆனால் பன்றியினத்தில் சில வகைகள் தட்டில் வளரவே வளராது. நான்கு வாரம் காத்திருந்து "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். குப்பியிலோ அது இருக்கும். இந்த ஓட்டையை அடைத்தது 1977ல் டி. ஆர். சென் வெளியிட்ட சாயமுறை. ஹெக்ஸ்ட் 33258 என்ற சாயம் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, புற ஊதா ஒளியில் மின்னும். நல்ல செல்லில் நடுவே உட்கரு மட்டும் ஒரு நீல விளக்காகத் தெரியும், சுற்றிலும் இருட்டு. மாசுபட்ட செல்லில் அந்த இருட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக மின்னும். வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். சந்தேகக் கரைசலைச் சுத்தமான வீரோ செல்லில் விட்டு வளர்த்துப் பார்ப்பதானால் இன்னும் சில நாள். பிறகு வந்த பி.சி.ஆர். முறை இந்தக் கிருமியின் மரபுத் துண்டையே பெருக்கிச் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. கொரோனாவுக்குப் பிறகு பி.சி.ஆர். என்றால் பாட்டிக்கும் தெரியும், விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணின் செல்லையும் சாயம் போட்டே பார்த்தார்கள். வேறொரு நிறுவனத்தின் நுண்ணோக்கியில், ஒரு சனிக்கிழமை மாலை. என்னையும் கூப்பிட்டாள், போனேன். கண்ணை வைத்துப் பார்த்தேன். அமாவாசை வானம் மாதிரி இருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்து அவள் செய்ததுதான் எனக்கு வியப்பு. அந்தச் செல்கள் வேறு ஊரில் ஒரு தோழியின் லேபிலிருந்து ரயிலில் கொண்டுவந்தவை. வந்த வாரமே சில குப்பிகளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்திருந்தாள். என் கடை வடிகட்டி அவள் கைக்குப் போவதற்கு முந்தைய குப்பிகள். ஒன்றை எடுத்து உருக்கிச் சாயம் போட்டாள். அதிலும் அதே புள்ளிகள். நைட்ரஜன் குளிரில் செல் பிழைப்பதுபோல் இதுவும் பிழைத்துக் கிடக்கும். ஆக விருந்தாளி என் வடிகட்டி வழியாக வரவில்லை, ரயிலில் வந்திருக்கிறார். பாக்கிப் பணம் அடுத்த மாதம் செக்காக வந்தது, கூட ஒரு வரிகூட இல்லை. எனக்கு நிம்மதி வந்ததா என்றால், வரவில்லை. என் சாமான் குற்றவாளி இல்லை, சரி. என் வார்த்தை?

அப்புறம் என்ன செய்வது என்ற கேள்வி. பெரும்பாலான நிபுணர்கள் சொல்வது ஒன்றே: அழித்துவிடு. 121 டிகிரியில் ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொட்டு, அந்தச் செல்லைத் தொட்ட கரைசலையும் சேர்த்துக் கொட்டு, அறையைத் துடை, சுத்தமான இடத்திலிருந்து புதுச் செல் வாங்கு. வேறெங்கும் கிடைக்காத செல்லாக இருந்தால் மட்டும் மருந்து. அதற்குப் பயன்படுவனவற்றில் சிப்ரோஃப்ளாக்சசினும் ஒன்று, நம் ஊர்த் தொழிற்சாலைகள் டன் கணக்கில் செய்யும் அதே சிப்ரோ. ஓரிரு வாரம் கொடுத்து, நிறுத்தி, மருந்தே இல்லாமல் இரண்டு வாரமாவது வளர்த்து மறுபடி சோதித்த பிறகுதான் "போயிற்று" என்று சொல்லலாம். மருந்து உள்ளே இருக்கும்போது சோதித்தால் ஒளிந்துகொண்டு ஏமாற்றிவிடும். அவள் அழித்தாள். புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்துக்கு எழுதி, அங்கிருந்து வரவழைத்து முதலிலிருந்து தொடங்கினாள்.

புதிதாக வந்த செல்லை நேராகப் பொது இன்குபேட்டரில் வைக்கக்கூடாது, தனியே ஒதுக்கி, சோதனை முடிந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் கப்பலில் வந்தவர்களைத் துறைமுகத்தில் தனியே நிறுத்தி வைப்பார்களே, அதே முறைதான். கேட்க எளிது. ஆனால் பக்கத்து லேப் நண்பன் ஆசையாகக் கொடுத்த செல்லைச் சந்தேகிப்பது நம்மவர்களுக்கு ஏதோ அவமரியாதை போலத் தோன்றுகிறது.

லேபுக்குள் நடக்கும் சமாசாரம் என்று ஒதுக்கவும் முடியாது. நாய் கடித்தால் வயிற்றைச் சுற்றி பதினாலு ஊசி போட்டது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. 1907ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அதைச் செய்துவந்தது. இந்தியாவில் அது 2005க்குள் நின்றுபோனது. அதன் இடத்தைப் பிடித்தவற்றில் முக்கியமானது வீரோ செல்லில் வளர்த்த தடுப்பூசி. 1962ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய செல் அது. நம் கச்சிபவுலியில் 1980களில் எழுந்த இந்தியன் இம்யூனலாஜிக்கல்ஸ் மாட்டுக் கோமாரித் தடுப்பூசியைப் பி.எச்.கே.-21 என்ற ஹாம்ஸ்டர் செல்லில் செய்கிறது. அதன் நாய்க்கடி மருந்துப் பிரிவு வீரோ செல்லை வளர்ப்பது நம் உதகமண்டலத்தில். 2021 ஜனவரியில் அனுமதி பெற்ற கோவாக்சினும் வீரோ செல்லில் வளர்ந்ததே. அதைச் செய்த பாரத் பயோடெக்கின் கிருஷ்ணா எல்லா நம் திருத்தணிப் பக்கத்துக்காரர். ஆக, செல்லில் மாசு இருக்கிறதா என்ற கேள்வி நம் கையிலும் நம் வீட்டு மாட்டின் கழுத்திலும் வந்து முடிகிறது. அதனால்தான் செல்லில் செய்யும் தடுப்பூசிகளுக்கு மைக்கோபிளாஸ்மா சோதனையை மருந்துச் சட்ட நூல்கள் கட்டாயமாக்கியிருக்கின்றன. தட்டும் சாயமும் இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது என்பதே பழைய விதி. கம்பெனிக்காரர்கள் இந்தச் சோதனைக்குப் பயந்து ஒழுங்காக இருக்கிறார்கள். கேட்பார் இல்லாத ஆராய்ச்சிக் கூடத்தில்தான் ஒழுங்கு தளர்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்க மருந்து நிர்வாகம் பல்லாண்டுகளாகச் சோதித்த 20,000க்கும் மேற்பட்ட செல் வளர்ப்புகளில் 15 சதவீதம் மாசுபட்டிருந்தது. அது பழைய காலம் என்று தள்ளினால், 2015ல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த இருவர், உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் பொதுவில் வைத்த மரபணுத் தரவுகளில் 884 தொகுதிகளைத் துழாவினார்கள். 11 சதவீதத்தில் மைக்கோபிளாஸ்மாவின் தடம் இருந்தது. பி.சி.ஆர். வந்து இத்தனை காலத்துக்குப் பிறகு!

அந்தப் பெண் ஒன்றரை வருடம் தாமதமாகப் பட்டம் பெற்றாள். இப்போது வெளிநாட்டில் ஒரு லேபுக்குத் தலைவி. இரண்டு வருடத்துக்கு முன் உகாதி சமயத்தில் கடைக்கு வந்திருந்தாள். "உங்க கேரண்டி எப்படி இருக்கு அங்கிள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அலமாரியைக் காட்டினேன். 0.45, 0.22, 0.1 மூன்றும் தனித்தனித் தட்டில், ஒவ்வொன்றிலும் எது நிற்கும், எது போகும் என்று தமிழிலும் தெலுங்கிலும் என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். 0.1ன் விலையைக் கேட்டதும் பாதிப் பேர் 0.22ஐயே எடுத்துக்கொண்டு போகிறார்கள். எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் பில் போடுகிறேன்.